பூவாடைக்காரியின் புளூரே

ஜூலை 28, திங்கள்

ஆடிக் காற்று. பின்பக்க முருங்கை மரம் சாய்ந்து பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா மேல். சண்டை வரும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு தயாராகப் போனேன். வரவில்லை. அவர்கள் வீட்டில் யாரும் டிவி பார்ப்பதில்லையாம், எல்லாம் போனில்தானாம். ஏமாற்றம்.

இன்றைய வேலைகள்: கல்யாணப் பத்திரிகை புரூஃப் திருத்த. பந்தல்காரரைப் பிடிக்க. புளூரே பார்சல் வந்ததா, தபால் ஆபீஸ். வரிசை இதுதான் என்று கலா எழுதிக் கொடுத்தாள். நான் கீழிருந்து ஆரம்பித்தேன்.

தபால் ஆபீஸ் அம்மாள், "பிரான்ஸ்லந்து பார்சலா? ஒங்களுக்கும் பிரெஞ்சு பென்சன் வருதா சார்?" என்றாள். வரிசையில் நின்ற எல்லோரும் திரும்பி, பிரெஞ்சுப் பட்டாளத்துக் குடும்பத்தைப் பார்ப்பதுபோல என்னை மரியாதையாகப் பார்த்தார்கள். கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் குமாஸ்தாவுக்கு அந்த மரியாதை புதுசு. இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. இந்நேரம் பாகூர் முழுக்கப் பரவியிருக்கும்.

மறதி வருகிற வயது. பிற்காலத்தில் படிக்கப்போகும் எனக்காக விவரமாக எழுதிவைக்கிறேன். கலா என் மனைவி. யாழினி மகள், ஆவணியில் கல்யாணம். அப்பா எண்பதைத் தாண்டியவர், பேச்சு கம்மி. சின்னம்மா அப்பாவின் இரண்டாம் தாரம், என்னை வளர்த்தவள், பேச்சு அதிகம். அக்கா பண்டசோழநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள்.

பார்சல் விஷயம். நான் இடுப்புக் குழந்தையாக இருந்தபோது எங்கள் பாகூர் ஏரிக்கரையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் எடுத்தார்கள். பெயர் எழுத வேண்டாம், ஓடிய நான்கு நாளும் எடுத்தவருக்கே மறந்திருக்கும். இப்போது பிரான்சில் ஒரு கம்பெனி அதன் நெகட்டிவைத் தேடி எடுத்து, கழுவித் துடைத்து, புளூரேயில் கொண்டுவருகிறான். அவனுக்கு வேலையே இதுதான். உலகம் தூக்கிப்போட்ட படங்களாகப் பொறுக்கி, தோசைக்கல் மாதிரி தேய்த்து, டப்பாவில் போட்டு என்னைப்போன்ற பைத்தியங்களுக்கு விற்பது. அங்கே குடியேறிவிட்ட கூட்டாளி அந்துவான்தான் வாட்சப்பில் சொன்னான்: "டேய், ஒங்க ஊரு ஏரி புளூரேல வருதுடா."

ஏரி கிடக்கட்டும். அதில் என் அம்மா இருக்கிறாள்.

அம்மா போனபோது எனக்கு ஒன்றரை வயசு. அக்காவுக்கு ஏழு. வீட்டில் ஒரு போட்டோ கிடையாது. ரொம்ப வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியில் இந்தப் படத்தைப் போட்டான். ஒப்பாரிக் காட்சியில் மூன்றாவது வரிசையில் முக்காடு போட்ட ஒருத்தி. அக்கா "அம்மா!" என்று கத்தி டிவியைக் கட்டிக்கொண்டாள். அந்தக் கட்டம்போட்ட புடவை அம்மாவுடையது, அதன் முந்தானையைப் பிடித்துத்தான் அவள் நடை பழகினாளாம். எல்லோரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா "உம்" என்றார்.

பிறகு விசிடி வந்தபோது அந்த இடத்தில் நிறுத்தி ஸ்டூடியோ மணியிடம் பெரிசு பண்ணச் சொன்னேன். முகம் இருந்த இடத்தில் ஒரு இட்லி. மணி கலைஞன். இட்லிக்குப் பொட்டு வைத்து, மூக்குத்தி போட்டு, காதோரம் பூவும் வைத்துக் கொடுத்தான். அன்றிலிருந்து அதுதான் எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி. பூவும் பொட்டுமாகப் போனவள் வீட்டுத் தெய்வம். அவளுக்குப் புடவை வைத்துப் படைக்காமல் இந்தப் பக்கத்தில் பந்தக்கால் நட மாட்டார்கள்.

யாழினி படையலுக்குள் அந்த இட்லிக்குள்ளிருக்கும் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட வேண்டும். எனக்கு என் அம்மா முகம் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

பந்தல்காரரைப் பார்க்கவில்லை. கலா பேசவில்லை.


ஜூலை 31, வியாழன்

வந்துவிட்டது!

அட்டை மேல் அட்டை. உள்ளே ஒரு குட்டிப் புத்தகம், முழுக்க பிரெஞ்சு. படத்தைப் பற்றி ஒரு பேராசிரியர் பத்துப் பக்கம் எழுதியிருக்கிறார் போல. எடுத்தவர் இவ்வளவு யோசித்திருந்தால் படம் ஓடியிருக்கும்.

கலா: "இந்தத் தட்டுக்கா இம்மாம் அமக்களம்?"

கையைக் கழுவி, துடைத்து, விபூதி இட்டு, பிளேயரில் போட்டேன். டிவியில் ஒரு அறிவிப்பு. இந்த டிஸ்க்கை இந்தப் பிராந்தியத்தில் பார்க்க இயலாது.

உலகத்தை மூன்றாகப் பங்குபோட்டு வைத்திருக்கிறார்களாம். ஐரோப்பாவுக்கு விற்றது நம்ம ஊர்ப் பிளேயரில் ஓடாது. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், இருபது வருஷமாக டிஸ்க் சேர்க்கிறேன், ஊரில் என் பேரே டிஸ்க்குதான். ஆசையில் மறந்து தொலைத்தேன். ஆக, பாகூர் ஏரியைப் பாகூரில் உட்கார்ந்து பார்க்க அனுமதி இல்லை. வெளியே போய் ஏரியைப் பார்த்தேன். அது எந்தப் பிராந்தியத்துக்கும் திறந்துதான் கிடந்தது.

திரும்பி வந்தால் சின்னம்மா கருவாடு அலசிக்கொண்டு:

"இன்னாடா, ஒங்கம்மா வரமாட்டன்றாளா?"

"வழி தெரியலியாம் சின்னம்மா."

"எங்கிட்ட வர மட்டும் கரெக்டா வழி தெரியுது அவளுக்கு. படையலு போட்ட அன்னிக்கி கனவுல வந்து, 'கொழம்புல புளி கம்மி'ன்னு சொல்லிட்டுப் போவுறா. ஒரு தபா நல்லாகீதுன்னு சொல்லியிருப்பாளா?"

அப்பா பேப்பரை மடித்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.


ஆகஸ்ட் 2, சனி

புழுக்கம். சாயங்காலம் நாலு தூறல், மண்வாசனைக்கு மட்டும்.

வருங்கால மாப்பிள்ளை பிரவீனுக்குப் போன். புதுச்சேரியில் கம்ப்யூட்டர் கம்பெனி. தங்கமான பையன். எதைக் கேட்டாலும் "சிம்பிள் மாமா" என்கிறான். ரிமோட்டில் ஏதோ நம்பர்களை அழுத்தச் சொன்னான். அழுத்தினேன். பிளேயர் சீன மொழிக்கு மாறிவிட்டது. "சிம்பிள் மாமா, நாளைக்கி ஒரு டிரைவ் எடுத்தாறேன், லேப்டாப்ல சொருவிக்கலாம், ரீஜன் கீஜன் எதுவும் கேக்காது."

அக்காவும் போனில்.

"டேய், அம்மா மொகம் தெரியுதாடா?"

"இன்னும் ஓடலக்கா."

"ஓடும். பதினஞ்சாந்தேதி லீவுதான, வெள்ளிக்கெயம வேற. படையலு முடிச்சி எல்லாரும் ஒக்காந்து பாக்குறோம். எம் பசங்கள்ட்டல்லாம் சொல்லிட்டேன். ஆயாவ கண்ணாடி மாரி காட்டப்போறான் எந்தம்பின்னு."

கண்ணாடி மாதிரி என்று முதலில் சொன்னது நான்தான். பத்திரிகை வைக்கப்போன வீடெல்லாம் சொன்னேன். டீக்கடையில் சொன்னேன். கொம்யூன் ஆபீஸில் பிறப்புச் சான்றிதழ் வாங்க வந்தவரிடம்கூடச் சொன்னேன், பாவம், அவர் வந்தது பிறப்புக்கு, நான் பேசியது இறப்பு. மணியிடம் புது ஃபிரேமும் சொல்லியாகிவிட்டது. பழசைவிட இரண்டு மடங்கு.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

அரை நாள் லீவு. காரணம்: வயிறு. (பொய்.)

கலா, யாழினி, சின்னம்மா மூவரும் படையல் புடவை எடுக்க டவுனுக்கு. அப்பா டீக்கடைக்கு. வீடு எனக்கே எனக்கு. பிரவீன் கொடுத்த டிரைவ், லேப்டாப், அங்கிருந்து ஒரு வயர் டிவிக்கு. மதியம், ஜன்னலெல்லாம் சாத்தி, வேர்த்துக்கொட்ட.

ஓடியது.

என்னவென்று எழுத. ஏரி வந்தது. தண்ணீரில் காற்று கீறிக்கொண்டு போவதுகூடத் தெரிகிறது. கரையில் பனைமரம், ஓலை ஓலையாக எண்ணலாம். கதாநாயகன் நெற்றியில் டோப்பா ஒட்டிய பசை. கதாநாயகி உருகி உருகிப் பேசும்போது அவள் கன்னத்தில் ஒரு ஈ, வசனம் முடியும்வரை மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது. விசிடியில் இவ்வளவு வருஷமும் அதை மச்சம் என்று நினைத்திருந்தேன்.

பிறகு ஒப்பாரி. பண்ணையார் பிணமாகக் கிடக்கிறார். (மூச்சுவிடுகிறார். தெளிவு அப்படி.) முதல் வரிசை, இரண்டாம் வரிசை. மூன்றாம் வரிசை. கட்டம்போட்ட புடவை. நிறுத்தினேன். பெரிசு பண்ணினேன்.

தொண்டையில் துருத்தி நிற்கும் சங்கு.

தாடையில் முள் தாடி. மாரில் அடிக்கத் தூக்கிய கையில் ரோமம்.

அப்படியே பக்கத்தில் போனேன். மூன்றாவது வரிசை முழுக்க அப்படித்தான். முன்னால் இரண்டு வரிசையில் மெட்ராஸிலிருந்து வந்த பெண்கள். பின்னால் நின்றதெல்லாம் முக்காடு போட்ட ஆம்பளைகள்.

சிரிப்பு வந்தது முதலில். எழுதுகிறவனாயிற்றே, நாலு பத்திரிகையில் நகைச்சுவைத் துணுக்கு வந்தவனாயிற்றே. 'என் அம்மா ஒரு ஆம்பளை' என்று தலைப்புகூடத் தோன்றிவிட்டது. அப்புறம் மறுபடி அந்த முகத்தைப் பார்த்தேன். இடது புருவம் பாதியில் அறுந்து நிற்கிறது. காது மடல் வெளியே தள்ளியிருக்கிறது. எங்கேயோ பார்த்த முகம். எங்கேயோ என்ன, காலையில் ஷேவ் பண்ணும்போது பார்த்த முகம்.

அப்பா.

அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு ஏரிக்கரையில் மாரடித்து அழுகிற என் அப்பா.

டிவியை அணைத்தேன். கூடத்தில் மாலை போட்ட இட்லி. மணி போட்ட மூக்குத்தி. அதன் கீழே இரும்பு நாற்காலியில் அப்பாவின் துண்டு.

வரிசையாக நினைவு வருகிறது, வேண்டாம் என்றாலும் வருகிறது. அக்கா பிள்ளை காதுகுத்துப் படையலில் அப்பாவே கற்பூரம் கொளுத்தி அப்பாவுக்கே காட்டினார். என் கல்யாணத்துக்கு நானும் கலாவும் அந்தப் படத்தின் முன் விழுந்து எழுந்தோம், அப்பா எங்கள் பக்கத்தில் நின்று விபூதி பூசினார். சின்னம்மா, சக்களத்தி கோபம் தன் தாலியில் விழக்கூடாது என்று வெள்ளிக்கிழமை தவறாமல் பூ மாற்றுகிறாள். "யாழினிக்கு அப்பிடியே ஆயா மொகம்" என்று ஊரே சொல்கிறது. தாத்தா முகம். பொய்யில்லை.

புடவையோடு வந்தார்கள். பச்சை, அரக்குக் கரை. "எப்பிடி இருக்குதுடா, ஒங்கம்மாவுக்கு எடுக்குமா?" என்றாள் சின்னம்மா. எடுக்கும் என்றேன்.

"படம் ஓடிச்சா?" கலா.

"இல்ல. டிரைவ் போச்சு."

டிஸ்க் அரிசி டிரம்முக்குள்.


ஆகஸ்ட் 6, புதன்

காபி டம்ளரைக் கொடுக்கும்போது அப்பா முகத்தைப் பார்க்க முடியவில்லை. மூக்குத்தி தெரிகிறது.

"வந்துச்சா படம்?" அவராகவே கேட்டார். அவர் எதையும் தானாகக் கேட்கிற ஆளில்லை.

"இல்லப்பா. என்னமோ ரீஜனாம்."

"வராட்டி போவட்டும்."

ஆபீஸில் மூன்று பேருக்கு ஒரே பிறந்த தேதியில் சான்றிதழ் அடித்துவிட்டேன்.


ஆகஸ்ட் 9, சனி

காற்று நின்றுவிட்டது. ஒரு இலை அசையவில்லை.

அக்கா வந்தாள், மஞ்சள் கொத்து, முறம், ஒரு மூட்டை பேச்சு. செருப்பைக் கழற்றியதும் நேரே படத்துக்கு முன்னால். எப்போதும் அப்படித்தான்.

"யம்மா, ஒம் பேத்திக்கு கல்யாணம்மா. பாத்தியாம்மா. நீ இருந்திருந்தா ஆடியிருப்ப. எங்கள வுட்டுட்டு எப்பிடிம்மா போன?"

கீழே நாற்காலியில் அப்பா. அக்காவின் புலம்பல் அவர் தலைக்கு மேலாகப் போகிறது. அவர் தொண்டையைச் செருமினார். அக்கா, "இருப்பா, அம்மாகிட்ட பேசிகினு கீறேன்ல" என்றாள். இந்தக் காட்சியை நான் எழுதி அனுப்பினால் எந்தப் பத்திரிகையும் நம்பாது.

சாப்பிட்டு முடித்து, வெற்றிலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தம்பி, ஒண்ணு சொல்றேன், சிரிக்காத. எனக்கு இப்பல்லாம் அம்மாவ நெனச்சா இந்தப் போட்டோதாண்டா வருது. மின்ன ஒரு மொகம் இருந்துச்சி. சாணி தெளிக்கசொல்ல என்னத் திரும்பிப் பாக்கும் பாரு, அந்த மொகம். அது போயிடுச்சி. எவ்ளோ நெனச்சாலும் வரமாட்டுது. இந்தக் கலங்கல்தான் வருது. புதுசுல தெளிவா பாத்தன்னு வையி, அது திரும்பி வந்துரும்."

நான் மாட்டிவைத்த இட்லி அவள் அம்மாவைத் தின்றுவிட்டது.


ஆகஸ்ட் 11, திங்கள்

அப்பாவுக்கு முட்டி வலி, அரியூர் ஆஸ்பத்திரி. டாக்டர் நல்ல பெண், "நடங்க தாத்தா" என்றாள். வெளியே பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தோம். பஸ் வருவதாக இல்லை. வேறு யாரும் இல்லை. கேட்டுவிட்டேன்.

"அப்பா. அந்தப் படத்துல நிக்கிறது நீதான?"

எதிர்ச் சுவரில் கல்யாண போஸ்டர். அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியுதா?"

"தாடி முள்ளு தெரியுதுப்பா."

"காலைலதான் வழிச்சிவுட்டாங்க. வெயிலு ஏறசொல்ல மொளச்சிகிச்சி." அதுதான் வருத்தம் என்பதுபோலத் தாடையைத் தடவினார்.

பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக. இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"படக் கம்பேனிகாரன் ஊரு பொம்பளைங்கள கேட்டான். எவளும் வரல. உசுரோட கீற ஆளுக்கு ஒப்பாரி வெச்சா தாலிக்கு ஆவாதுன்னுட்டாளுங்க. சோறு போடுறேன், துட்டு தரேன்றான், ம்ஹூம். அப்பறம் ஆம்பளைங்களே கட்டிகினு நில்லுங்கடான்னான். ஒங்கம்மாதான் பொடவய குடுத்தா. கொசுவம் வெச்சி கட்டிவுட்டா."

"ஏம்பா சொல்லல? இத்தினி வருஷமா?"

"எப்பிட்றா சொல்றது? ஒங்கக்கா டிவிய கட்டிகினு அழுவுறா. அது நாந்தாண்டின்னு எப்பிடி சொல்லுவேன்? நாளிக்கி சொல்லலாம், அடுத்த நாளு சொல்லலாம்னு பாத்தேன். நீ ஃபிரேமு போட்டுட்ட. மாலய போட்டுட்டீங்க."

"பயமா இல்லியாப்பா? உசுரோட மால..."

"மொத வருஷம் பயந்துகினே கெடந்தேன். தையி தாண்டமாட்டேன்னு. தாண்டிட்டேன். அப்பறம் பழகிப்பூடுச்சி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் லேசாக. அப்புறம் அவர் முகம் மாறிற்று.

"அவ பொடவைல பொய் அழுவ அழுதேன் நானு. அந்த வருசமே மெய்யா அழ வெச்சிட்டா. அதையும் சேத்து சொல்லணும். அதாண்டா சொல்லல."

பஸ் வந்தது. ஏறும்போது கேட்டேன், சொல்லிவிடலாமா என்று.

"ஒன் இஷ்டம்."

எண்பது வயதுக்கு மேல் எல்லாத் தகப்பனும் கற்றுக்கொள்கிற வார்த்தை. உட்கார இடம் கிடைத்தது, அவருக்கு மட்டும்.


ஆகஸ்ட் 13, புதன்

யோசனைகள்:

– டிஸ்க்கில் கீறல் போடுவது. (மனசு வரவில்லை. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரன் தூசி தூசியாகத் துடைத்தது.)

– டிவியை ரிப்பேராக்குவது. (எது எந்த வயர் என்று தெரியாது. செத்தால் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் 'அமரர்' என்று வேறு அச்சடிக்க வேண்டும்.)

– அக்காவிடம் உண்மையைச் சொல்வது. போனை எடுத்தேன். "சொல்றா" என்றாள். "முறம் இங்கியே வெச்சிட்டுப் போயிட்டக்கா" என்றேன்.

மணி போன். "சார், ஸ்டில் அனுப்புங்க, ஃபிரேம் ரெடி."

"கிளாரிட்டி பத்தல மணி."

"எச்டிலயே பத்தலியா? அனுப்புங்க சார், நான் சரி பண்றேன், மூக்குத்திய கல்லு வெச்சே போட்டுடலாம்."

பிரவீன் போன். "மாமா, டிரைவ் போனா போவட்டும், வேற வாங்கிட்டேன். பதினஞ்சாந்தேதி நானே எடுத்துனு வந்து செட் பண்றேன். சிம்பிள்."

இவ்வளவு நல்ல பையனுக்கா பெண்ணைக் கொடுக்கிறேன்.


ஆகஸ்ட் 15, வெள்ளி

காலையில் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றம், மைக்கில் பாட்டு. இங்கே பூசணிக்காய் வெட்டு. வீடு நிறைய ஆட்கள், அக்கா பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பெரிய வாழையிலை போட்டு, ஏழுவகைக் காய், வடை, கொழுக்கட்டை. கலசத்துக்குப் பக்கத்தில் மடித்து வைத்த பச்சைப் புடவை. மேலே படம், புது மாலையோடு. சின்னம்மா இந்த முறை புளியை இரண்டு பங்கு கரைத்திருந்தாள்.

"நீயே கொளுத்துப்பா" என்று கற்பூரத் தட்டை அக்கா அப்பா கையில் கொடுத்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் இலையைப் பார்த்தேன். தீக்குச்சி இரண்டு தரம் அணைந்தது. வயசு என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். சின்னம்மா விழுந்து கும்பிட்டாள், அக்கா அழுதாள், யாழினி புடவையைத் தொட்டு ஒற்றிக்கொண்டாள்.

இதற்குள் பிரவீன் வயரெல்லாம் சொருகிவிட்டான்.

"மாமா, டிஸ்க் எங்க?"

"அதான் தேடறேன்பா. எங்க வெச்சன்னே..."

"அரிசி அளக்கசொல்ல கெடச்சிது. டிரம்முல வெச்சிருக்காரு மனுசன்" என்று கலா கொண்டுவந்து கொடுத்தாள். புடவைத் தலைப்பால் துடைத்து வேறு.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். சாப்பாடு அப்புறம், முதலில் அம்மா என்றாள் அக்கா. பிரவீன் ஓட்டிக்கொண்டே போய் ஒப்பாரியில் நிறுத்தினான். முன்பே ஒத்திகை பார்த்தவன்போல மூன்றாவது வரிசையைப் பெரிசு பண்ணினான். எனக்கு எழுந்து போகத் தோன்றியது. வழியெல்லாம் குழந்தைகள்.

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

முதலில் சின்னம்மாதான்.

"ஐய, இது நம்ம கெயவன் மாரி கீது!"

யாரோ சிரித்தார்கள். யாழினி வாயைப் பொத்திக்கொண்டு தாத்தாவைத் திரும்பிப் பார்த்தாள். சின்னம்மா எழுந்து டிவிக்கே போய்விட்டாள்.

"மாரி இன்னா, அவருதான். எனக்குத் தாலி கட்டசொல்ல இதே மூஞ்சிதான், இதே திருட்டு முழி. யோவ், பொடவ கட்டிகினு அங்க இன்னாயா பண்ற?"

"நாந்தான்" என்றார் அப்பா. சுருக்கமாகச் சொன்னார், பஸ் நிறுத்தத்தில் சொன்னதைவிடச் சுருக்கமாக. பெண்கள் வரவில்லை, கம்பேனிகாரன் கேட்டான், கட்டிக்கொண்டேன். கடைசியில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை.

சின்னம்மாவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் ஓடிப்போய் நாற்காலியில் ஏறி, படத்திலிருந்த மாலையைப் பிய்த்து எறிந்தாள். அந்த வயதில் அப்படி ஏறுவாள் என்று யாரும் நினைக்கவில்லை.

"குத்துக்கல்லாட்டம் கீற ஆளுக்கு மால போட வெச்சிட்டீங்களேடா பாவிங்களா! வெள்ளிக்கு வெள்ளி எங்கையால பூவு வெச்சனே! எந்தாலிய நானே..." கையில் மீந்த மாலையாலேயே அப்பாவை முதுகில் நாலு சாத்து சாத்தினாள். அப்புறம் அவர் தலையைப் பிடித்து வயிற்றோடு வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். பூவெல்லாம் அப்பா சட்டைக்குள்.

"அழுவாதடி. கல்லு மாரிதான கீறேன்" என்று உள்ளேயிருந்து அவர் குரல்.

அக்கா மட்டும் அசையவில்லை. அவள் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன். காதில் வாங்கவில்லை. "எனக்கு அஞ்சாந்தேதியே தெரியும்க்கா" என்றேன். அதையும்.

"அப்ப அம்மா எங்க?" என்றாள்.

யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. அப்பாதான் பதில் சொன்னார், சின்னம்மா பிடியிலிருந்து தலையை வெளியே எடுத்து.

"கேமராவாண்ட நின்னா. ஒந்தம்பிய இடுப்புல வெச்சிகினு. நான் மாரடிக்கிறதப் பாத்து சிரி சிரின்னு சிரிக்கிறா. 'யம்மா, அந்தாண்ட போ, சிரிக்காத'ன்னு தொரத்துனான் கம்பேனிகாரன். போவல. எனக்கும் சிரிப்பு வந்துரும்போல இருந்துச்சி. பல்ல கடிச்சிகினு நின்னேன்."

எல்லோரும் டிவியைத் திரும்பிப் பார்த்தோம். இப்போதுதான் கண்ணில் படுகிறது. கூட்டம் முழுக்கப் பிணத்தைப் பார்த்து அழுகிறது. அப்பா மட்டும் பிணத்தைப் பார்க்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, எங்களுக்கு வலது பக்கம், எங்கேயோ வெளியே பார்க்கிறார்.

அக்கா எழுந்து பக்கத்தில் போனாள்.

"தம்பி பிரவீனு, இத அந்தப் பக்கம் தள்ள முடியுமா? அவரு பாக்குற பக்கம்."

அவன் ஏதோ அழுத்தினான். படம் நகர்ந்தது. அப்பா முகம், பக்கத்து முக்காடு, ஒரு பனைமரம், ஏரித் தண்ணீர். அங்கே நின்றுவிட்டது.

"அவ்ளோதாங்க வரும். அதுக்கு மேல படம் இல்ல."

"இன்னும் கொஞ்சூண்டுப்பா."

பிரவீன் என்னைப் பார்த்தான். தள்ளு என்று தலையாட்டினேன். அவன் மறுபடி அழுத்தினான்.